கம்பமும் கண்ணும்: நெடுந்தூரக் காவற் கமராவை நிறுத்துதலின் அறிவியலும் சமூகப் பொருளும்

1. தோற்றுவாய்

தினைப்புனத்தில் உயர்ந்த பரண் அமைத்து, அதன்மீது இருந்து கிளி கடிந்து காவல் புரிந்த மகளிரைச் சங்க இலக்கியம் பயின்றோர் அனைவரும் அறிவர். சேனைப் பயிர்ச்செய்கை நிலவிய இடங்களில், பன்றியும் யானையும் பயிரை அழியாவண்ணம் இரவில் மரக்கொம்புகளிற் கட்டிய காவற்குடில்களில் உழவர் விழித்திருந்த வழக்கம் நமது நாட்டில் அண்மைக்காலம்வரை தொடர்ந்தது. கண்ணை உயரத்தில் வைத்தால் நெடுந்தூரம் காணலாம் என்னும் எளிய உண்மையே பரணின் அடிப்படையாகும்.

இன்று பரணின் இடத்தை உருக்குக் கம்பமும், அதன் உச்சியில் அமர்ந்த நெடுந்தூரக் கமராவும் பெற்றுள்ளன. துறைமுகம், விமானத்தளம், நீர்த்தேக்கம், வனவிலங்குச் சரணாலயம், நாட்டெல்லை, தொழிற்சாலை மதில் ஆகிய யாவற்றிலும் இக்காட்சியை நாம் காண்கிறோம். இக்கருவியைப் பற்றிய பேச்சில் கமராவின் ஆற்றலே பெரிதாக எடுத்துரைக்கப்படுகிறது. அதனைத் தாங்கும் கம்பத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. ஆயின், ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் மனிதனைப் பற்றி அக்கமரா தரும் சாட்சியம் நம்பத்தக்கதா என்பது பெரும்பாலும் கம்பத்தின் அடியிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

இக்கட்டுரையின் நோக்கம் இருவகைப்படும். நெடுந்தூரக் கமராவை உறுதியான கம்பத்தில் நிறுத்துவதன் பௌதிக அடிப்படைகளை விளக்குவது ஒன்று. அவ்வாறு நிறுத்தப்பட்ட கண் சமுதாய உறவுகளிற் பெறும் பொருள் யாது என ஆராய்வது மற்றையது. இவ்விரண்டும் தனித்தனி வினாக்களல்ல என்பதே நமது கருத்தாகும்.

2. வரலாற்றுப் பின்னணி

மூடிய சுற்றுத் தொலைக்காட்சியின் தொடக்கம் பொதுவாக 1942 ஆம் ஆண்டுக்கு உரியதாகக் கூறப்படும். ஜேர்மனியின் பீனமுண்டே ஏவுதளத்தில், வெடிக்கும் அபாயமுள்ள ஏவுகணையை அருகிற் சென்று பாராது தொலைவிலிருந்து காண்பதற்காக, வால்டர் புரூக் என்னும் பொறியியலாளர் கமராக்களைப் பொருத்தினார். ஆக, இக்கருவி முதலிற் கண்காணித்தது மனிதனையன்று, ஓர் இயந்திரத்தையே. மனிதனை ஆபத்திலிருந்து விலக்கிவைப்பது அதன் முதற் பயனாக இருந்தது. அந்த இயந்திரம் போர்க்கருவி என்பதும் மறக்கத்தக்கதன்று.

பின்னர் அது வீதிக்கு வந்தது. இங்கிலாந்தின் போர்ண்மவுத் நகரின் கடற்கரைப் பகுதியில் 1985 இல் நிலையான பொதுவிடக் கண்காணிப்பு முறை நிறுவப்பட்டது. 1990களில் அந்நாட்டு அரசு பெருநிதி ஒதுக்கியதைத் தொடர்ந்து நகரங்கள் பலவற்றிலும் கம்பங்கள் எழுந்தன. உருப்பெருக்க வில்லைகளும் இலக்கமுறை உணரிகளும் மலிவடைந்தபோது, வீதியின் முனையை மட்டும் கண்ட கமரா ஊரின் எல்லையையும் காணத் தொடங்கியது. இவ்வாறு தூரம் கூடியபோதுதான் கம்பம் ஒரு பிரச்சினையாக மாறியது.

3. காணுதல் என்பதன் படிநிலைகள்

"இக்கமரா ஐந்து கிலோமீற்றர் வரை காணும்" என விளம்பரங்கள் கூறும்போது, "காணும்" என்னும் சொல்லின் பொருள் யாது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய வினா. ஐரோப்பிய நியமங்கள் இதனைப் படிநிலைகளாக வகுத்துள்ளன. காட்சியில் உள்ள பொருளின் ஒரு மீற்றர் அகலம் படத்தில் எத்தனை படப்புள்ளிகளாற் குறிக்கப்படுகிறது என்பதே அளவுகோல். மீற்றருக்கு 25 புள்ளிகள் இருப்பின், அங்கு யாரோ இருக்கிறார் எனக் கண்டுகொள்ளலாம். 125 புள்ளிகள் இருப்பின், முன்னரே அறிமுகமான ஒருவரை இன்னாரென அறியலாம். முன்பின் அறியாத ஒருவரை ஐயத்துக்கிடமின்றி அடையாளங் காண்பதற்கு 250 புள்ளிகள் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். உணரியின் அகலம் 5.4 மில்லிமீற்றர் எனவும், அதில் 1920 நிரற் புள்ளிகள் உள்ளன எனவும், வில்லையின் குவியத்தூரம் 300 மில்லிமீற்றர் எனவும் கொள்வோம். ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இக்கமரா காணும் பரப்பின் அகலம், வடிவொத்த முக்கோணங்களின்படி, 18 மீற்றராகும். 18 மீற்றரை 1920 புள்ளிகள் பங்கிட்டுக்கொள்ளும்போது மீற்றருக்கு ஏறத்தாழ 107 புள்ளிகளே கிடைக்கின்றன. 16 சென்ரிமீற்றர் அகலமுள்ள மனித முகம் 17 புள்ளிகளில் அடங்கிவிடுகிறது. அறிமுகமானவரை அறிவதற்கும் இது சற்றுப் போதாது. 250 புள்ளிகள் என்னும் எல்லை ஏறத்தாழ 425 மீற்றரிலேயே முடிந்துவிடுகிறது.

இக்கணக்கும் கமரா அசையாதிருக்கிறது, காற்று தெளிவாக இருக்கிறது என்னும் இரு எடுகோள்களின் மீதே அமைந்தது. வெப்பவலயத்து நண்பகலில், சூடேறிய நிலத்தின்மீது எழும் காற்றுப்படைகளின் அடர்த்தி கணந்தோறும் மாறுவதால் ஒளிக்கதிர்கள் முறிவடைந்து விம்பம் நெளியும். தார்வீதியின்மீது நாம் காணும் கானல் அசைவு இதுவே. வில்லையை எவ்வளவு பெருப்பித்தாலும் இக்குறை தீராது. அதுவும் சேர்ந்தே பெருக்கும். பார்வைக் கோட்டை நிலத்திலிருந்து சிறிது உயர்த்துவது இதற்கு ஓரளவு பரிகாரம். எனவே உயரம் வேண்டும். உயரம் வேண்டுமெனின் கம்பம் வேண்டும். அவ்விடத்திலேயே அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

4. பெயர்ச்சியன்று, சாய்வே பகை

பத்து மீற்றர் உயரமும், 168 மில்லிமீற்றர் வெளிவிட்டமும், 5 மில்லிமீற்றர் சுவர்த்தடிப்பும் கொண்ட உருக்குக் குழாய்க் கம்பமொன்றைக் கருதுவோம். ஒரு மனிதன் இரு கைகளாலும் பற்றி உலுப்பினும் பெரிதும் அசையாத கம்பம் இது. இதன் உருக்கு மட்டும் 200 கிலோகிராம் நிறையுடையது. உச்சியில் 0.15 சதுர மீற்றர் முகப்புப் பரப்புள்ள கமராவொன்று இருக்கட்டும். செக்கனுக்கு 15 மீற்றர், அதாவது மணிக்கு 54 கிலோமீற்றர், வேகத்தில் காற்று வீசுகிறது. பருவக்காற்றுக் காலத்தில் திறந்த வெளிகளில் இது அரிதானதன்று.

இக்காற்று கம்பத்தின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் ஏறத்தாழ 27 நியூற்றன் விசையையும், கமராவின்மீது 24 நியூற்றன் விசையையும் செலுத்தும். அடியில் நிலைநிறுத்தப்பட்ட வளைகோலின் சமன்பாடுகளைப் பிரயோகிக்கின், உச்சி ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் பெயர்கிறது என விடை கிடைக்கிறது. கீழே நிற்பவர் கண்ணுக்கு இது புலப்படவே மாட்டாது. "கம்பம் அசையவில்லை" என அவர் உறுதியாகக் கூறுவார்.

ஆயின் கமரா உணர்வது பெயர்ச்சியையன்று. இரண்டரைச் சென்ரிமீற்றர் இடம் மாறிய கமரா தொலைவிலுள்ள காட்சியையும் அதே இரண்டரைச் சென்ரிமீற்றர் மாற்றியே காணும், அது பொருட்படுத்தத்தக்கதன்று. கமராவைப் பாதிப்பது சாய்வு. கம்பம் வளையும்போது அதன் உச்சி இடம்பெயர்வதோடு சிறிது தலைகவிழவும் செய்கிறது. நமது எடுத்துக்காட்டில் அச்சாய்வு 3.4 மில்லி ஆரையன், அதாவது ஒரு பாகையின் ஐந்திலொரு பங்கு மட்டுமே. இச்சிறு கோணம் ஒரு கிலோமீற்றர் சென்றதும் 3.4 மீற்றராக விரிகிறது. காட்சியின் மொத்த உயரமோ பத்து மீற்றர்தான். படத்தின் மூன்றிலொரு பங்கு கைநழுவிப் போய்விடுகிறது.

இதிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படும். முதலாவது, காற்றின் திசையும் பார்வையின் திசையும் ஒன்றாகும்போதே இத்தீங்கு முழுமையாக நேர்கிறது. காற்று பக்கவாட்டில் வீசினால் படம் சிறிது சரிந்து தோன்றுமேயன்றி, நோக்கும் இடம் அவ்வளவாக மாறாது. ஆகவே ஓரிடத்தின் பெரும்பான்மைக் காற்றுத்திசையை அறிந்து, இயலுமாயின் பார்வைக்கோடு அதற்குக் குறுக்காக அமையுமாறு கம்பத்தின் இடத்தைத் தெரிவுசெய்தல் நன்று.

இரண்டாவது, கமராவைக் கம்பத்திலிருந்து நீண்ட கையொன்றின் நுனியில் தொங்கவிடுதல் தவறு. கைநுனியில் விழும் காற்றுவிசை கம்பத்தை முறுக்கும். முறுக்கம் பார்வையை இடவலமாகத் திருப்பும். கமரா கம்பத்தின் அச்சின்மீதே, உச்சித் தட்டில் அமர்தல் வேண்டும்.

மூன்றாவது, உயரமே கொடிய பகை. அதே குழாயைப் பத்து மீற்றருக்குப் பதிலாக ஐந்து மீற்றர் உயரத்தில் நிறுத்தினால், ஒரு கிலோமீற்றரில் ஏற்படும் விலகல் 3.4 மீற்றரிலிருந்து ஏறத்தாழ 0.5 மீற்றராகக் குறைகிறது. உயரம் பாதியாக, சாய்வு ஆறிலொன்றுக்கும் குறைகிறது. எனவே தடைகளைத் தாண்டிக் காண்பதற்குத் தேவையான உயரத்துக்கு மேல் ஓரடியும் உயர்த்தலாகாது. இயற்கையான மேடு இருக்குமிடத்து, நெடுங்கம்பத்தைச் சமநிலத்தில் நாட்டுவதிலும் குறுங்கம்பத்தை மேட்டில் நாட்டுவதே அறிவுடைமை.

5. வலிமை வேறு, விறைப்பு வேறு

"உறுதியான கம்பம்" என்னும் தொடரில் இரு வேறு பண்புகள் மயங்கிக் கிடக்கின்றன. முறியாதிருத்தல் வலிமை, வளையாதிருத்தல் விறைப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே இத்துறையில் நேரும் பெருந்தவறு.

1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நமது மக்கள் மறந்திலர். அதன்பின் இலங்கை மூன்று காற்று வலயங்களாக வகுக்கப்பட்டு, கட்டடங்களுக்கான வடிவமைப்பு விதிகள் வகுக்கப்பட்டன. அத்தகைய புயலில், செக்கனுக்கு 50 மீற்றர் வேகக் காற்றில், மேற்சொன்ன கம்பம் என்னாகும்? காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், அடியில் ஏறத்தாழ 18,000 நியூற்றன் மீற்றர் திருப்புதிறன் தோன்றும். உருக்கில் ஏற்படும் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு 175 நியூற்றன் அளவாகும். சாதாரண உருக்கு இளகத் தொடங்கும் எல்லை இதனின் மேற்பட்டது; ஆகவே கம்பம் முறியாது.

சூறாவளியிலும் வீழாத கம்பம், பருவக்காற்றிற் பயன்படாது போகிறது. இம்முரண்பாட்டின் காரணம் தெளிவானது. விளக்குக்கம்பத்தை வடிவமைப்பவருக்கு வலிமை போதும். விளக்கு சற்று அசைந்தால் எவருக்கும் நட்டமில்லை. கமராக் கம்பத்துக்கு விறைப்பே கட்டளைக்கல். ஆயினும் பழைய விளக்குக்கம்பங்களிலேயே கமராக்களைப் பூட்டிவிடுவது பல நாடுகளிலும் வழக்கமாகியுள்ளது. சில பத்து மீற்றர் தூரத்தைக் காணும் கமராவுக்கு அது போதும். நெடுந்தூரக் கமராவுக்குப் போதாது.

விலையுயர்ந்த வலிமைமிகு உருக்கை வாங்கினால் இக்குறை நீங்குமெனச் சிலர் எண்ணுவர். உருக்கின் வகைகள் வலிமையில் வேறுபடினும் யங்கின் மட்டில் ஏறத்தாழ ஒத்தவையே. ஆகவே பொருளை மாற்றிப் பயனில்லை. வடிவத்தை மாற்றல் வேண்டும். 273 மில்லிமீற்றர் விட்டமும் 6.3 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட குழாயை எடுத்தால், உருக்கின் நிறை ஏறத்தாழ இருமடங்காகிறது. விறைப்போ ஐந்தரை மடங்காகிறது. பருத்த கம்பம் கூடுதலாகக் காற்றை ஏற்பினும், ஒரு கிலோமீற்றரில் விலகல் 0.9 மீற்றராகக் குறைகிறது. உருக்கை அச்சிலிருந்து விலக்கி வைப்பதே விறைப்பின் இரகசியம். முக்கால் கோபுரங்களும் பின்னற் சட்டகங்களும் குறைந்த உருக்கிற் பெரும் விறைப்பைப் பெறுவது இதனாலேயே.

6. மென்காற்றும் வெயிலும்

வலிய காற்றே அஞ்சத்தக்கது என்பதும் முழு உண்மையன்று. உருளை வடிவான தடையைக் கடக்கும் காற்று அதன் பின்புறத்தே இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழிகளை உதிர்க்கும். செக் நாட்டுப் பௌதிகவியலாளர் ஸ்ற்றூகல் 1878 இலும், தியோடர் வொன் கார்மன் 1911 இலும் இதனை ஆராய்ந்தனர். சுழிகள் உதிரும் மீடிறன் கம்பத்தின் இயற்கை மீடிறனுடன் ஒத்துவரும்போது பரிவு ஏற்பட்டுக் கம்பம் காற்றுக்குக் குறுக்காக ஊசலாடும். நாம் கருதிய 168 மில்லிமீற்றர்க் கம்பம் செக்கனுக்கு ஏறத்தாழ 1.3 தடவை அலையும் இயல்புடையது. அதற்குப் பரிவளிக்கும் காற்றின் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றரை அடுத்தது மட்டுமே. அந்த மெல்லிய காற்றின் ஆற்றல் சிறிதாகையால் தீங்கும் சிறிது. ஆயின் கம்பத்துக்கு உயர்மீடிறன் அலைவு வகைகளும் உண்டு. அவை நடுத்தரக் காற்றில் தூண்டப்பட்டு, நாள்முழுதும் நடுக்கத்தை ஏற்படுத்துவதோடு அடிப் பொருத்தின் பற்றாசுகளைக் காலப்போக்கிற் களைப்புறச் செய்து வெடிக்கவும் வைக்கும். குழாயினுள்ளே இறப்பர் உறையிட்ட சங்கிலியைத் தொங்கவிட்டு அலைவைத் தணித்தலும், புகைபோக்கிகளிற் காண்பது போன்ற திருகு விளிம்புகளைச் சுற்றிப் பொருத்திச் சுழிகளைக் கலைத்தலும் அறியப்பட்ட பரிகாரங்களாகும்.

அலைவு இரவில் இழைக்கும் தீங்கு தனியே கவனிக்கத்தக்கது. கம்பத்தின் உச்சி இருபுறமும் அரை மில்லி ஆரையன் மட்டுமே ஊசலாடுகிறது எனக் கொள்வோம். 1.3 மீடிறனில், ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள காட்சி செக்கனுக்கு 4 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் படத்தில் வழுக்கும். பகலில் ஆயிரத்திலொரு செக்கன் வெளிப்பாட்டில் அது அரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவே. படம் கூராகவே இருக்கும். இரவில் ஒளி போதாமையாற் கமரா தனது வெளிப்பாட்டு நேரத்தை இருபத்தைந்திலொரு செக்கனுக்கு நீட்டும். அதற்குள் காட்சி 16 சென்ரிமீற்றர் வழுக்கிவிடும். இது ஒரு முகத்தின் அகலம். காவல் மிகவும் வேண்டப்படும் வேளையில் முகம் மறைந்து ஒரு கறையே எஞ்சுகிறது. இலத்திரனியல் முறையில் படத்தை நிலைப்படுத்தும் ஏற்பாடுகள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான துள்ளலை நீக்குமேயன்றி, ஒரே படத்தினுள் நிகழ்ந்த கரைவை மீட்டுத் தரமாட்டா. கண்ணுக்கு அமைதியாகத் தோன்றும் படம் உண்மையிற் கூரியது எனக் கொள்ளலாகாது.

வெயிலின் செயல் மெல்லியதெனினும் குறைந்ததன்று. காலை வெயில் கம்பத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கும்போது அப்பக்கம் விரிவடைந்து கம்பம் நிழற்பக்கமாக வளைகிறது. இரு பக்கங்களுக்குமிடையே ஐந்து பாகை செல்சியசு வேறுபாடு இருப்பினும், நமது கம்பத்தின் உச்சி ஒரு கிலோமீற்றரில் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் விலகலைத் தரும். காலையிற் குறிவைத்த இடத்தை மாலையிற் கமரா காணாமைக்கு இதுவும் ஒரு காரணம். வெண்ணிறப் பூச்சும் பருத்த விட்டமும் இதனைக் குறைக்கும்.

7. நிலமும் நீரும் மின்னலும்

கம்பம் எவ்வளவு விறைப்பாயினும் அதன் அத்திவாரம் திரும்பினால் பயனில்லை. ஒரு மீற்றர் அகலமான கொங்கிறீற்றுக் கட்டையின் ஓரம் ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்தால், தொலைவிற் பார்வை ஒரு மீற்றர் விலகும். முன்னர்க் கூறிய புயல் திருப்புதிறனைத் தாங்குவதற்கு 1.5 மீற்றர்ச் சதுரமும் 1.2 மீற்றர் ஆழமும் கொண்ட கட்டை, தன் ஆறரைத் தொன் நிறையாலேயே கவிழ்வைத் தடுக்கும். ஆயின் கவிழாமை மட்டும் போதாது. மாரியில் ஊறி இளகும் களிமண்ணில் கட்டையை அகலப்படுத்துதலோ, முளைகளை இறக்குதலோ வேண்டியதாகும். கட்டையில் நங்கூர ஆணிகளைப் பதித்து, அடித்தட்டின் மேலும் கீழும் சுரைகளிட்டுக் கம்பத்தை நிலைக்குத்தாக்கிய பின், இடைவெளியைச் சுருங்காச் சாந்தினால் நிரப்புதல் முறை. நீர் வடிவதற்கு வழி விடாது அடைத்துவிட்டால் குழாயின் அடி உள்ளிருந்தே துருவேறும். நாகமுலாம் பூசப்பட்ட உருக்காயினும் கடற்கரையின் உப்புக்காற்றில் ஆண்டுதோறும் பார்வையிடப்படல் வேண்டும்.

வெளியில் தனித்து நிற்கும் உயர்ந்த உலோகம் மின்னலை அழைப்பது இயல்பு. சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நமது நாட்டில் இடிமின்னல் மிகும். கமராவுக்கு மேலே உயர்ந்த இடிதாங்கியும், குறைந்த தடையுள்ள புவித்தொடுப்பும், வடங்களின் இரு முனைகளிலும் திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவிகளும் இன்றியமையாதன. செப்பு வடம் மின்னெழுச்சியைக் கட்டடத்தினுள்ளும் கொண்டு செல்லும். ஒளியை மட்டும் கடத்தும் நார் வடத்துக்கு அக்குறையில்லை. இரவிற் செந்நிறக்கீழ் ஒளி உமிழும் விளக்குகளை நாடிப் பூச்சிகளும், அவற்றை நாடிச் சிலந்திகளும் வரும். சிலந்தி வலையொன்று விலைமதிப்புள்ள கண்ணைக் குருடாக்கிவிடுவதும் உண்டு. எனவே ஏறித் துடைப்பதற்கோ, கம்பத்தைக் கீழே சாய்ப்பதற்கோ வழி அமைத்தல் வடிவமைப்பின் ஒரு பகுதியாகும். இப்பணியைச் செய்யும் தொழிலாளியின் உயிர்ப்பாதுகாப்பும் அதனுள் அடங்கும்.

8. காண்பவரும் காணப்படுபவரும்

இதுவரை கூறியவை பொறியியல். இனி அதன் சமூகப் பொருளை நோக்குவோம்.

பரணின்மீது இருந்த காவலர் தாம் காண்பவராலும் காணப்பட்டார். அவருக்கு உறக்கம் வரும், மறதி உண்டு, அவர் கண்டது அவரோடு அழியும். கம்பத்தின் மீதுள்ள கண்ணுக்கு இவை எவையும் இல்லை. ஜெரமி பெந்தம் 1791 இல் வெளியிட்ட வட்டச்சிறைத் திட்டத்தில், காவலர் தம்மைக் காண்கிறாரா இல்லையா எனக் கைதி அறிய இயலாமையே ஒழுங்கின் கருவியாக அமைந்தது. மிஷேல் பூக்கோ 1975 இல் அத்திட்டத்தை நவீன அதிகாரத்தின் மாதிரியாக விளக்கினார். கண்காணிப்புக் கமரா பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்களில் "கம்பக் கமரா" என்பது தனியொரு சட்டப் பிரச்சினையாகவே வளர்ந்துள்ளது. மின்கம்பத்திற் பொருத்திய கமராவினால் ஒரு வீட்டை நெடுங்காலம் நோக்குவதற்குத் தேடுதல் ஆணை வேண்டுமா என்பதே வினா. தென்னசி மாநிலத்துப் பண்ணையொன்றைப் பத்து வாரங்கள் நோக்கியமை குற்றமன்று எனக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2016 இல் தீர்த்தது. ஏறத்தாழ 18 மாதங்கள் மூன்று கமராக்களால் ஒரு வீட்டை நோக்கியமையும் "தேடுதல்" ஆகாது என மற்றொரு நீதிமன்றம் 2021 இல் கூறியது; எனினும் அத்தகைய தொழில்நுட்பத்தின் எதிர்காலம் குறித்துத் தன் கவலையையும் அது மறைக்கவில்லை. மாறாக, மசச்சூசெற்ஸ் மாநில உயர்மன்றம் 2020 இலும், கொலராடோ உச்ச நீதிமன்றம் 2021 இலும் வீட்டை இவ்வாறு நெடிது நோக்குதல் தேடுதலே எனத் தீர்த்தன. 2022 இல் எட்டு மாதக் கண்காணிப்புப் பற்றிய வழக்கொன்றில் ஆறு நீதியரசர்கள் இவ்வினாவில் மூவர் மூவராகப் பிரிந்தனர்.

கொலராடோ வழக்கு நமது விளக்கத்துக்கு மிகப் பொருத்தமானது. அவ்வீட்டைச் சுற்றி உயர்ந்த மறைப்பு வேலி இருந்தது. வீதியிற் செல்பவர் வேலிக்கு அப்பால் எளிதிற் காண இயலாது. கம்பத்தின் உச்சியிலிருந்த கமராவோ, திரும்பியும் தாழ்ந்தும் உருப்பெருக்கியும், மூன்று மாதங்களுக்கு மேலாக முற்றத்தைக் கண்டது. வேலி என்பது தனிவாழ்வுக்கு மனிதர் இடும் எல்லை. கம்பத்தின் உயரம் அவ்வெல்லையைச் சத்தமின்றி நீக்கிவிடுகிறது. பொறியியலில் நாம் "தடைகளைத் தாண்டத் தேவையான உயரம்" எனக் கூறியது, அயலவர் நோக்கிற் "தமது வேலியின் தோல்வி" எனப் பொருள்படுகிறது. ஒரு மனிதக் காவலர் 18 மாதங்கள் ஒரே கம்பத்தின்மீது அமர்ந்திருக்க எவரும் ஊதியம் கொடுக்க மாட்டார். கமராவுக்கு அச்செலவு இல்லாமையால், செலவு என்னும் பழைய தடையும் இல்லாதொழிந்தது.

இதனால் கமரா பயனற்றது என நாம் கூறவில்லை. நாற்பது ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான மதிப்பீடொன்று, கண்காணிப்புக் கமராக்கள் உள்ள இடங்களிற் குற்றங்கள் ஏறத்தாழ 13 வீதம் குறைந்தன என்றும், வாகனத் தரிப்பிடங்களிலேயே பயன் மிகுதி என்றும் கண்டது. மனிதர் இடையறாது பார்த்துச் செயற்படும் ஏற்பாடுகளே கூடுதற் பயன் தந்தன. பயன் உண்டு, ஆனால் அது எல்லையுள்ளது, இடத்துக்கேற்ப மாறுவது, மனித உழைப்பைச் சார்ந்தது. யானை வரும் வழியை நோக்கி உழவரை எச்சரிக்கும் கமராவும், தொழிலாளர் கூடும் வாயிலை நோக்கி முதலாளிக்கு அறிவிக்கும் கமராவும் பொறியியலில் ஒன்றே. அவற்றை வேறுபடுத்துவது கண்ணின் உரிமை யாரிடம் உள்ளது என்பதேயாம்.

இங்கே கட்டுரையின் இரு பகுதிகளும் இணைகின்றன. நலிந்த கம்பத்தின்மீது நிற்கும் கமரா, 17 புள்ளிகளிற் கரைந்த முகமொன்றைப் பதிவு செய்கிறது. பதிவு இயந்திரத்தினது ஆகையால் அது பொய் கூறாது என்னும் நம்பிக்கையோடு அப்படம் அதிகாரியின் மேசையை அடைகிறது. கரைவில் எவர் முகத்தையும் காணலாம். முன்னரே ஐயுறப்பட்டவர் முகம் எளிதிற் காணப்படும். சமுதாயத்தில் யார்மீது ஐயம் முதலில் விழும் என்பது வர்க்கத்தையும் இனத்தையும் குடியிருக்கும் சேரியையும் பொறுத்தது. பொறியியற் குறைபாட்டின் விலையை அக்கம்பத்தை நாட்டியவர் செலுத்துவதில்லை, எளியவரே செலுத்துகின்றனர்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நெடுந்தூரக் கமராவை நிறுத்துவோர் விடையளிக்க வேண்டிய வினாக்கள் சில தெளிவாகின்றன. எத்தூரத்தில், எப்படிநிலையிற் காண்பது நோக்கம்? வழக்கமான காற்றில் உச்சியின் சாய்வு எவ்வளவு? இரவின் நீண்ட வெளிப்பாட்டில் அவ்வலைவு எத்தனை புள்ளிகளைக் கரைக்கிறது? அத்திவாரம் மாரியில் அசைகிறதா? இவற்றின் அளவீடுகள் கமராவின் பதிவோடு சேர்த்து வைக்கப்படல் வேண்டும். அப்படத்தைச் சான்றாக ஏற்கும் நீதிமன்றம் இவற்றைக் கேட்டறியும் உரிமையும் கடமையும் உடையது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரும் "கமரா எத்தகையது" என்று மட்டுமன்றி, "கம்பம் எத்தகையது" என்றும் வினவுதல் வேண்டும்.

இவற்றோடு மேலும் மூன்று வினாக்கள் அயலவருக்கு உரியன. இக்கம்பம் யாருடையது? அதன் பதிவை யார், எவ்வளவு காலம் வைத்திருப்பர்? எமது வேலிக்கு உள்ளே அது காண்கிறதா? இலங்கையில் 2022 ஆம் ஆண்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டமை இத்தகைய வினாக்களுக்கு இடமுண்டு என்பதற்கு ஓர் ஒப்புதல். சட்டப்புத்தகத்தில் உள்ள உரிமை கம்பத்தின் அடியிலும் வாழ வேண்டுமாயின், மக்கள் அவ்வினாக்களைக் கேட்கப் பழகுதல் வேண்டும்.

கம்பம் உறுதியாக நிற்கட்டும். அசையும் கண்ணின் சாட்சியம் எவருக்கும் நீதி தராது. ஆயின் அக்கம்பத்தை நாட்டியவரும், அதன் அடியில் நிற்போருக்குப் பொறுப்புக் கூறுபவராக நிற்றல் வேண்டும். பரணின்மீது இருந்தவரை ஊர் அறிந்திருந்தது. கம்பத்தின்மீது உள்ள கண்ணுக்குப் பின்னால் இருப்பவரையும் ஊர் அறிய வேண்டும் என்பதே நமது துணிபாகும்.